கடி என்றால் காவல் வீடு

மகாராஷ்டிராவின் கிராமக் கிளைகளுக்கு மாற்றலாகி வரும் தமிழர்களின் காதில் முதல் மாதமே விழும் சொல் 'கடி'. பாட்டீல் வீடு எங்கே என்று கேட்டால் "கடிக்குப் பின்னால்" என்பார்கள். கூட்டம் எங்கே என்றால் "கடிக்கு முன்னால்" என்பார்கள். நமக்குத் தெரிந்ததெல்லாம் நாய்க்கடி, கொசுக்கடி, அப்புறம் ஆபீஸில் பக்கத்து சீட்காரர் தினமும் போடும் கடி. முதலில் சிரிப்புதான் வரும்.

மராத்தியில் இதைச் சொல்லும்போது 'க' கனமாகவும் 'டி' மூச்சோடும் வரும். தமிழில் எழுதினால் கடிதான். கோட்டைக்கு அவர்கள் 'கில்லா' என்பார்கள். வசதியானவர் வீட்டுக்கு 'வாடா'. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கடி. ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு, ஆனால் சுற்றிலும் ஆள் உயரத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு மதில், மூலைக்கு ஒரு கொத்தளம், உள்ளே போக ஒரே ஒரு வாசல். நம் பழந்தமிழிலும் 'கடி' என்றால் காவல் என்று ஒரு பொருள் உண்டு. கடிமதில், கடிமரம் எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சொற்கள் வேறு வேறு. ஆனாலும் இந்தத் தற்செயல் எனக்குப் பிடித்திருக்கிறது.

எல்லோரா பார்க்க வந்த தமிழ்க் குடும்பங்கள் அநேகமாக எல்லோருமே ஒரு கடியைத் தாண்டிப் போயிருப்பீர்கள். சத்ரபதி சம்பாஜிநகரிலிருந்து (2023 வரை ஔரங்காபாத்) சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது அந்த ஊர். எல்லோரா என்று உலகம் சொன்னாலும் ஊர்க்காரர்களுக்கு அது வேரூள். காலையில் குகைகள், கைலாசநாதர், பிறகு பக்கத்திலேயே கிருஷ்ணேஸ்வர் ஜோதிர்லிங்க தரிசனம், ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு கர்ப்பகிரகத்துக்குள் போவது, வெளியே வந்து ஒரு டீ. இதுதான் வழக்கமான அட்டவணை. அதே ஊரில்தான் மாலோஜி போஸ்லேயின் கடி இருக்கிறது. தோண்டி எடுத்து வைத்த அஸ்திவாரச் சுவர்கள்தான் மிச்சம். யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. நிறுத்தச் சொல்லி வழிகாட்டிகளும் வற்புறுத்துவதில்லை.

மாலோஜி யார்? போஸ்லே குடும்பம் வேரூளில் பாட்டீல்கள். அதாவது ஊர்த்தலைவர் பதவியைப் பரம்பரையாக வைத்திருந்தவர்கள். மாலோஜி அகமத்நகர் நிஜாம்ஷாஹி சுல்தான்களிடம் படைத்தலைவராகச் சேர்ந்து மேலே வந்தார். பிள்ளை இல்லாமல் இருந்து, ஷா ஷரீஃப் என்ற பீரிடம் வேண்டிக்கொண்டு பிறந்ததால் மகன்களுக்கு ஷாஹாஜி, ஷரீஃப்ஜி என்று பெயர் வைத்ததாகக் கதை சொல்வார்கள். அந்த ஷாஹாஜியின் மகன்தான் சத்ரபதி சிவாஜி. அதே ஷாஹாஜிக்கு இன்னொரு மனைவி மூலம் பிறந்தவர் வெங்கோஜி என்கிற ஏகோஜி. 1670-களின் நடுவில் தஞ்சாவூரைப் பிடித்து அங்கே மராட்டிய ஆட்சியைத் தொடங்கியவர். ஆக, சிவாஜிக்கும் தஞ்சாவூர் ராஜாக்களுக்கும் தாத்தா வீடு ஒன்றுதான்.

என் அம்மா தஞ்சாவூர் ஜில்லாக்காரர். சரஸ்வதி மகால், சங்கீத மகால் என்று சொல்லியே வளர்ந்தவர். ஜோதிர்லிங்க தரிசனத்துக்காக இங்கே வந்திருந்தபோது அந்தச் சுவர்களைக் காட்டினேன்.

"என்னப்பா இது, அடிவானம் போட்டுட்டு காசு இல்லாம நிறுத்தின வீடு மாதிரி இருக்கு?"

"நம்ம சரபோஜி ராஜாவோட பூர்வீக வீடும்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இங்கேருந்தா அவ்வளவு தூரம் வந்தாங்க?" என்றார்.

பெரிய கோயிலின் சுவரில் 1803-ல் இரண்டாம் சரபோஜி தன் வம்ச வரலாற்றை மராத்தியில் நீளமாக வெட்டி வைத்தார். தஞ்சாவூரில் பிறந்து வளர்ந்த ஒருவர், சில தலைமுறைக்கு முன்னால் விட்டுவந்த மண்ணின் மொழியில், இன்னார் பிள்ளை இன்னார் என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார். வெளியூரில் குடியேறிய நமக்கு இதைப் புரிந்துகொள்ள சரித்திரப் படிப்பு தேவையில்லை. நானும் பி.காம்.தான்.

வேரூள் கடி தப்பித்ததற்குக் காரணம் பேரன் சிவாஜி. இல்லாவிட்டால் அந்த அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க யாரும் வந்திருக்க மாட்டார்கள். ஜீஜாபாய் பிறந்த சிந்த்கேட் ராஜாவில் லக்குஜி ஜாதவின் மாளிகை நிற்பதற்கும் அதே காரணம்தான். பேரன் புகழ் பெறாத கடிகள் மராட்வாடாவிலும் விதர்பாவிலும் ஊருக்கு ஊர் கிடக்கின்றன. எங்கள் கிளைக்கு உட்பட்ட ஒரு கிராமத்திலும் ஒன்று இருக்கிறது. ஊர் பெயர் வேண்டாம். எந்த ஊர் பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

கடி எப்படிக் கட்டுவார்கள் என்று அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னார். அடியில் ஆள் உயரத்துக்குக் கருங்கல். அதற்கு மேலே முழுக்க வெள்ளை மண். சில இடங்களில் செங்கல் முகப்பு. சுவரின் கனம் அடியில் ஆறேழு அடி, மேலே போகப் போகக் குறையும். கொத்தளத்தில் துப்பாக்கி நீட்ட ஓட்டைகள். பெரிய கதவில் ஆள் மட்டும் குனிந்து நுழைய ஒரு குட்டிக் கதவு, அதற்கு 'திண்டி' என்று பெயர். உள்ளே நுழைந்ததும் இரண்டு பக்கமும் காவல்காரர் உட்காரும் திண்ணை, 'தேவடி'. வாசலுக்கு நேராக முற்றம் தெரியாதபடி வழி ஒரு தடவை திரும்பும். முற்றத்தில் கிணறு. தரைக்குக் கீழே தானியக் குழிகள், அவற்றுக்குப் 'பேவ்' என்று பெயர். தண்ணீரும் சோளமும் உள்ளே இருந்தால், கதவைச் சாத்திக்கொண்டு நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம்.

யாரிடமிருந்து? தக்காணத்தில் படைகள் போகாத வருஷமே அபூர்வம். நிஜாம்ஷாஹி, மொகலாயர், மராட்டியர், ஹைதராபாத் நிஜாம் என்று மாறி மாறி. வரி வசூலிக்க வருகிறவனும் கொள்ளையடிக்க வருகிறவனும் ஒரே மாதிரிதான் குதிரையில் வந்தார்கள். கடைசியில் பிண்டாரிகள். 1817-18 போரில் அவர்கள் ஒடுக்கப்படும் வரை அந்தப் பயம் இருந்தது. இது போக பங்காளிச் சண்டை. பாட்டீல் பதவிக்கும் தேஷ்முக் பதவிக்கும் நிலமும் வசூலில் பங்கும் உண்டு. அதற்காக அண்ணன் தம்பிகளே வெட்டிக்கொண்டார்கள். கடியின் மதிலைப் பார்த்தால் வெளியூர்க்காரனுக்காக எழுப்பியதா, சித்தப்பா பையனுக்காக எழுப்பியதா என்று சொல்ல முடியாது.

இப்போது அந்த வெள்ளை மண் விஷயம். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

மராத்தி விவசாயிக்கு ஊர் என்பது இரண்டு நிறம். 'காளி', 'பாண்டரி'. காளி என்றால் கரிசல், பயிர் விளையும் பூமி. பாண்டரி என்றால் வெள்ளை, மனிதர்கள் குடியிருக்கும் மேடு. நம் ஊர் நத்தம் மாதிரி. நூற்றுக்கணக்கான வருஷங்களாக வீடு கட்டி, இடிந்து, சாம்பல் கொட்டி, மறுபடி அதன்மேல் கட்டிக் கட்டி மேடு உயர்ந்து, மண் வெளுத்துப்போகிறது. கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் பிளக்கும். வெள்ளை மண் அப்படிச் செய்யாது. அதனால் சுவருக்கும் கூரைக்கும் அதுதான். இங்கே பழைய வீடுகளுக்கு ஓடு கிடையாது. மரத்தைப் பரப்பி, அதன்மேல் குச்சிகளை அடுக்கி, மேலே கனமாக வெள்ளை மண் போட்ட தட்டைக் கூரை. 'மாளவத்' என்பார்கள். கோடையில் உள்ளே ஜில்லென்று இருக்கும். மழைக்கு முன்னால் வருஷா வருஷம் இன்னும் கொஞ்சம் மண் போட்டு மெழுகுவார்கள்.

அந்த மண்ணை எங்கிருந்து எடுப்பது? ஊரிலேயே அதிகமாக, சலித்து, மிதித்து, பக்குவப்பட்டு இருக்கும் வெள்ளை மண் கடியின் மதிலில்தான் இருக்கிறது. பாட்டீல் குடும்பம் கடியில் இருந்தவரை யாரும் தொடவில்லை. அவர்கள் பட்டணம் போன பிறகு ஒரு கூடை, இரண்டு கூடை. பிறகு மாட்டுவண்டி. இப்போது டிராக்டர் டிராலி. தகரக் கூரை வந்துவிட்டதால் கூரைக்குத் தேவை குறைந்துவிட்டது. ஆனால் புது வீட்டுக்குத் தளம் நிரப்ப, வாசலை மேடாக்க மண் வேண்டியிருக்கிறதே. பிண்டாரிகளால் உள்ளே நுழைய முடியாத மதில், ஊர்க்காரர்களின் கூடையில் ஏறி வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

நான் பார்த்த கடியில் நான்கு கொத்தளத்தில் இரண்டுதான் மிச்சம். தெற்கு மதில், கடித்துத் தின்ற சோளக்கதிர் மாதிரி நிற்கிறது. கல் வாசல் மட்டும் முழுசாக இருக்கிறது. வாசலைச் சுற்றிச் சுவர் இல்லாததால் ஆடுகள்கூட அதன் வழியாகப் போவதில்லை.

"திருட்டு இல்லையா இது?" என்று அந்தப் பெரியவரிடம் கேட்டேன்.

"சாஹேப், இது எங்க பாட்டன் தூக்கின மண்ணு. எங்க வீட்டுக்கே திரும்பி வருது" என்றார்.

சமத்காரமான பதில் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மராட்வாடாவில் அந்த மண்ணுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1993 செப்டம்பர் 30. அனந்த சதுர்த்தசிக்குப் பிள்ளையாரைக் கரைத்துவிட்டு ஜனங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரம், விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது, லாத்தூர் ஜில்லா கில்லாரியில் பூகம்பம். அளவு 6.2தான். இதே அளவில் வேறு இடங்களில் பத்திருபது பேரோடு போயிருக்கும். அங்கே லாத்தூர், உஸ்மானாபாத் (இப்போது தாராசிவ்) ஜில்லாக்களில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். காரணம் வீடுகள். சேறு வைத்து அடுக்கிய கனமான கல் சுவர்கள், அவற்றின் மேல் ஓரடி முதல் இரண்டடிக்கு மேல் வரை கனத்த மண் கூரை. வருஷா வருஷம் நனையாமல் இருக்கப் போட்ட மண், அத்தனை வருஷத்துப் பாரமும் சேர்ந்து ஒரே நேரத்தில் தூங்குகிறவர்கள் மேல் இறங்கியது. பிறகு 52 கிராமங்களை வேறு இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். பழைய பாண்டரி மேடுகள் காலியாகக் கிடக்கின்றன.

இதைக் கேட்ட பிறகு, "பழைய காலத்து வீடு, இயற்கை ஏ.சி." என்று மண் வீட்டைப் பற்றி மெயிலில் வரும் ஃபார்வர்டுகளை என்னால் அப்படியே ரசிக்க முடியவில்லை. தகரக் கூரை போட்டவன் அழகு தெரியாமல் போடவில்லை.

கடியின் சொந்தக்காரர்கள் யார் என்பதும் ஒரு பெரிய கதை. பாட்டீல் பரம்பரைப் பதவியை 1962-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். பதவி போனது, வசூல் போனது, நிலம் பாகப்பிரிவினையில் போனது. கடி மட்டும் பிரிக்க முடியாமல் நின்றது. அந்தக் குடும்பத்தில் ஒருவர் எங்கள் கிளைக்குக் கடன் கேட்டு வந்தார். ஈடு என்ன என்றால், கடியில் பதினாறில் ஒரு பங்கு! வயலுக்கு ஏழு-பன்னிரண்டு (சாத்பாரா) என்று ஒரு பதிவேடு இருக்கிறது, யார் பெயர், என்ன பயிர் எல்லாம் தெரியும். ஊருக்குள் இருக்கும் குடியிருப்பு மனைக்கு, அதாவது காவ்டாணுக்கு, அப்படி ஒன்று கிடையாது. 2020-ல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் டிரோன் பறக்கவிட்டு கிராமத்து மனைகளை அளந்து சொத்து அட்டை கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் டிரோன் மதிலைத்தான் அளக்கும், பதினாறு பேரின் மனஸ்தாபத்தை அளக்காது. கடன் கொடுக்க முடியவில்லை.

எங்கள் கணக்கு வழக்கில் ஒரு பழக்கம் உண்டு. நாற்காலி, மேஜைக்கெல்லாம் வருஷா வருஷம் தேய்மானம் கழித்து, மதிப்பு தீர்ந்த பிறகும் பொருள் இருந்தால் ஒரு ரூபாய் என்று புத்தகத்தில் வைத்திருப்போம். பொருள் இருக்கிறது, மதிப்பு இல்லை, ஆனால் மறந்துவிடக்கூடாது என்று அர்த்தம். ஊருக்கு ஊர் இருக்கும் கடிகளுக்கு அந்த ஒரு ரூபாய் பதிவுகூட எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அப்படியானால் காப்பாற்ற வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதே ஊரில் சுய உதவிக் குழுக் கூட்டத்துக்குப் போனபோது, குழுவில் இருந்த ஒரு ஆஜியிடம் (பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கடிக்குள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? நாங்க காவ்குஸுக்கு வெளியே" என்றார்.

காவ்குஸ் என்றால் ஊரைச் சுற்றிய மதில். அதற்கு வெளியே என்றால் தலித் குடியிருப்பு. நம் ஊரில் ஊரும் சேரியும் மாதிரி. அந்த மதில் எங்கோ மண்ணோடு மண்ணாகிவிட்டது, சொல் மட்டும் நிற்கிறது. ஊர் எல்லையைக் காவல் காப்பது, தண்டோரா போடுவது, செய்தி கொண்டு ஓடுவது எல்லாம் மகர் சாதியினரின் பரம்பரைக் கடமை, 'வத்தன்'. குதிரைப்படை வந்தால் முதலில் எதிரில் நின்றவர்கள் அவர்கள்தான். கதவு சாத்தும்போது வெளியே நின்றவர்களும் அவர்கள்தான். இந்த வத்தன் என்பது சொத்து இல்லை, அடிமை விலங்கு என்று அம்பேத்கர் 1928-ல் பம்பாய் சட்ட சபையில் மசோதா கொண்டுவந்தார். அது ஒழிய 1958 ஆனது. ஆஜியின் மாமனார் அந்த வேலையைச் செய்தவர். கடியின் மதிலுக்கு மண் சுமந்தவர்களில் அவருடைய முன்னோரும் இருந்திருப்பார்கள். இப்போது அவர் வீட்டு வாசலிலும் கொஞ்சம் வெள்ளை மண் கொட்டியிருக்கிறது. டிராலிக்காரனுக்குப் பணம் கொடுத்து வாங்கியது.

யாருக்குக் காவல் என்ற கேள்வியை விட்டுவிட்டு, வெறுமனே 'நம் பாரம்பரியம்' என்று கடியைக் கொண்டாட என்னால் முடியாது. அதற்காக, டிராலியில் போகட்டும் என்று விடவும் மனம் வரவில்லை. மதில் போனால், மதிலுக்கு வெளியே யார் இருந்தார்கள் என்பதற்கான சாட்சியும் போய்விடும். இன்னும் ஐம்பது வருஷத்தில் "எங்கள் ஊரில் எல்லோரும் ஒன்றாகத்தான் இருந்தோம்" என்று யாராவது எழுதுவார்கள். மறுத்துச் சொல்ல ஒரு கல்லாவது வேண்டாமா?

இதையெல்லாம் அந்த ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அடுத்த சனிக்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை டேப்போடு கடிக்குக் கூட்டிப் போய்விட்டார். கிழக்கு மதில் 38 மீட்டர். வாசல் அகலம் இரண்டே முக்கால் மீட்டர். மிச்சமிருக்கும் கொத்தளங்களில் உயரமானது, நிழலை வைத்துக் கணக்குப் போட்டதில், ஆறரை மீட்டர். பெரியவரை நடுவில் உட்கார வைத்து எந்த இடத்துக்கு என்ன பெயர் என்று எழுதிக்கொண்டார்கள். ஆஜியையும் கூப்பிட்டார் ஆசிரியர். பிள்ளைகள் போட்ட படத்தில் கடிக்கு வெளியே, கிழக்கே, காவலுக்கு நின்றவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று அவர் காட்டிய இடமும் இருக்கிறது. ஒரு பிரதி பள்ளியில், ஒரு பிரதி பஞ்சாயத்து ஆபீஸில். மண் எடுப்பது நிற்கவில்லை. வாசல் பக்கம் மட்டும் இப்போதைக்கு யாரும் தொடுவதில்லை.

அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். எங்கள் திருவையாற்றுப் பக்கத்து வீட்டுக்கும் ஏழு பங்கு. சித்தப்பா மூன்று வருஷமாக விற்றுவிடலாம் என்கிறார், பெரியப்பா பையன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். நடுவில் ஒரு ஓட்டுச் சரிவு விழுந்துவிட்டது. அம்மா விற்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்த நெல்லு உள்ளுக்குப் பக்கத்து ரூமுக்கு உங்க பாட்டி ஒரு பேர் சொல்லுவாங்களே, உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். எனக்கும் தம்பிக்கும் ஞாபகம் இல்லை. சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

எல்லோராவுக்கு வருகிறவர்கள் கிருஷ்ணேஸ்வர் தரிசனம் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்கி மாலோஜி கடியையும் பார்த்துவிட்டுப் போங்கள். தஞ்சாவூர்க்காரர்கள் கட்டாயம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டை விற்கப் போகிறீர்களா, இடிக்கப் போகிறீர்களா, புதுப்பிக்கப் போகிறீர்களா என்பது உங்கள் குடும்ப விஷயம். அதற்கு முன்னால் அளந்துவிடுங்கள். எந்த உள்ளுக்கு என்ன பெயர், யார் எதுவரை வரலாம், யார் எந்த வாசலோடு நின்றார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் எல்லார் வீட்டிலும் இன்னும் ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள்.